கையை எடுத்தாலும் நிற்கும் ரெஸ்ட்

ஜூன் 8, ஞாயிறு

மாவட்டப் போட்டி ஆகஸ்டில் என்று கிளப்பில் அறிவித்துவிட்டார்கள். ஏர் ரைஃபிள், பெஞ்ச் ரெஸ்ட் பிரிவு, இருபத்தைந்து மீட்டர். நின்றும் படுத்தும் சுடுகிறவர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து சுடுவதெல்லாம் ஒரு விளையாட்டா என்பார்கள். ஒரே அட்டையில் இருபத்தைந்து வட்டம், ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் கடுகளவு புள்ளி. உட்கார்ந்து சுட்டுப் பார்க்கட்டும், தெரியும்.

எனக்கு ஒரே ஒரு வேலைதான் பாக்கி. முன்பக்கத்து ரெஸ்டை மாற்ற வேண்டும். துப்பாக்கியின் முன்கட்டையைத் தாங்கும் சாமான் அது, பின்கட்டைக்கு மணல்பை. அது ஆடினால் மற்றது எல்லாம் வீண். என்னுடையது அலுமினியம், மூன்று கால், தூக்கிப் போக லேசு. இன்று சுட்ட அட்டையில் குண்டுகள் புள்ளியைச் சுற்றி அம்மை போட்ட மாதிரி சிதறிக் கிடந்தன. ரெஸ்ட் ஆடுகிறது. சந்தேகமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்படி ஒரு பசி. வீட்டுக்காரர் மூர்த்திதான் தோசை வார்த்தார். ஏழாவது தோசைக்கு, "மாவு இருக்குது, இன்னொண்ணு போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மனுஷி சாப்பிடுவதை அப்படியா பார்ப்பார்கள்?

ஜூன் பிறந்த பிறகும் கோயமுத்தூரில் இந்தப் புழுக்கம். ஃபேனை ஐந்தில் வைத்திருக்கிறேன். மூர்த்தி கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார்.

ஜூன் 11, புதன்

என் பல் கிளினிக்கில் ரோஸ்லின் காபியை டம்ளர் விளிம்புவரை ஊற்றிவிட்டாள். தூக்கினால் சிந்தத்தானே செய்யும்? வெள்ளைக் கோட்டெல்லாம் கறை. எட்டு வருஷமாக என் உதவியாளராக இருக்கிறாள், டம்ளரில் எவ்வளவு ஊற்றுவது என்று தெரியவில்லை. கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன். அவள் துணி கொண்டுவந்து துடைத்தாள்.

ஒருவருக்குக் கடைவாய்ப்பல் எடுக்க வேண்டியிருந்தது. வேர் வளைந்திருக்கிறது. வாரம் ஒருநாள் வருகிற அறுவை நிபுணரிடம் தள்ளிவிட்டேன். அதுதான் நோயாளிக்கு நல்லது.

டெய்லர் மறுபடியும் ரவிக்கையைக் கெடுத்துவிட்டார். கை எல்லாம் தொளதொளவென்று தொங்குகிறது. பழைய அளவில்தான் தைத்தேன் என்று சாதிக்கிறார்.

பொள்ளாச்சியிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். நோயாளி இருந்ததால் எடுக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

கிளப்புக்குப் புது ரெஸ்ட் ஒன்று வந்திருக்கிறது. வெளிநாட்டுச் சாமான். முன்னால் ஒரு நீளக் கைப்பிடி. அதைப் பிடித்து அசைத்தால் துப்பாக்கி மேலே, கீழே, இடது, வலது என்று ஒரே அசைவில் போகிறது. திருகாணி திருகும் தொல்லையே இல்லை. பார்த்ததும் ஆசையாகிவிட்டது.

சிகாமணி அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. முழுப்பெயர் தெய்வசிகாமணி. கணபதியில் பம்புக்கான வார்ப்புகள் செய்கிற ஃபவுண்டரி வைத்திருக்கிறார். எனக்கு மூன்று வருஷம் முன்னாலேயே கிளப்பில் சேர்ந்தவர். அவருக்கு எல்லாமே வார்ப்பிரும்புதான்.

"எடைதானுங்க டாக்டர் முக்கியம். நானே ஒண்ணு வார்த்து வெச்சிருக்கறன். பதினாலு கிலோ. மேசைல வெச்சா எரும படுத்த மாதிரி கெடக்கும்."

"தூக்கறது யாருங்க அண்ணா?"

"தூக்கறதுக்கு ஊட்டுக்காரர் இருக்கறாரில்லீங்?"

புது ரெஸ்டில் பத்து குண்டு சுட்டேன். துப்பாக்கிமேல் இருக்கும் ஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்தால் குறுக்குக்கோடு புள்ளிமேல் நிற்காமல் ஈ மாதிரி சுற்றுகிறது. கைப்பிடியின் மூட்டு தளர்வாக இருக்கிறது போல. புதிது என்றாலும் எல்லாம் நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஜூன் 17, செவ்வாய்

மாடிப்படி ஏறியதும் நெஞ்சு படபடவென்று அடித்தது. காபியை நிறுத்திவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று மூன்று ரெஸ்டையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருந்தோம். என்னுடைய அலுமினியம், கிளப்பின் கைப்பிடி ரெஸ்ட், சிகாமணி அண்ணனின் எருமை. அது உண்மையிலேயே எருமைதான். கறுப்பு நிறம், மூன்று கால், ஒவ்வொரு காலிலும் கூர்முனை. அடியில் ஒரு ரப்பர் துண்டு போட்டு அதன்மேல் அழுத்தி உட்கார வைத்தார். தூக்கி வந்ததில் அவருக்கே மூச்சு வாங்கியது.

"முதல்ல சுடாமப் பாக்கோணுங்க" என்றார். "துப்பாக்கிய மேல வெச்சு, குறிய வட்டத்துல நிறுத்தி, கைய எடுத்துருங்க. ஸ்கோப்ப மட்டும் பாருங்க. குறி நவுந்தா ரெஸ்ட் சரியில்ல. நவுரலீன்னா சரி. அவ்வளவுதான்."

எருமையின்மேல் வைத்துக் கையை எடுத்தேன். குறுக்குக்கோடு அச்சடித்த மாதிரி நின்றது. சரி, அது இரும்பு. கைப்பிடி ரெஸ்டின்மேல் வைத்தேன். அங்கேயும் அசையவில்லை. என்னுடைய அலுமினிய ரெஸ்ட் முதலில் லேசாக ஆடியது. சிகாமணி அண்ணன் குனிந்து பார்த்து, ஒரு கால் சிமெண்ட் மேசையில் சரியாகப் பதியவில்லை என்று அட்டைத் துண்டை மடித்து வைத்தார். அதுவும் நின்றுவிட்டது.

"மூணும் நிக்குதுங்களே" என்றேன்.

"நிக்குதுங்க."

பிறகு என் இடத்தில் அவர் உட்கார்ந்தார். என் துப்பாக்கி, என் குண்டு, என் அலுமினிய ரெஸ்ட். ஐந்து சுட்டார். ஐந்தும் ஒரே ஓட்டை. எழுந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. தூக்கம் எல்லாம் நல்லா வருதுங்களா?"

"வருதுங்க அண்ணா."

"சாப்பாடு?"

"அதெல்லாம் நெம்ப நல்லாச் சாப்பிடறன்."

அவர் மேலே கேட்கவில்லை. எருமையை நான் வைத்துப் பழகட்டும் என்று அங்கேயே விட்டுவிட்டுப் போனார். காலை வெயில் அட்டைமேல் சரிவாக விழுகிறது. அந்த வெளிச்சத்தில் குறி சரியாகத் தெரிவதில்லை. அவருக்கு அந்த வெளிச்சம் பழகியிருக்கும்.

ஜூன் 25, புதன்

எழுத மனமில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ஒரு பெண் சொத்தைப்பல் அடைக்க வந்திருந்தாள். பயப்பட ஒன்றுமே இல்லாத சின்ன வேலை. துளையிடும் கருவியை வெளியே எடுக்கும்போது கீழுதட்டில் பட்டுவிட்டது. சின்னக் கீறல், இரண்டு சொட்டு ரத்தம். பஞ்சு வைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெண் நல்லவள். "நான்தான் மேடம் அசைஞ்சுட்டேன்" என்றாள்.

அவள் அசையவில்லை.

அவள் போன பிறகு ரோஸ்லின் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மேடம், நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்குவீங்களா?"

"சொல்லு."

"பல்லு எடுக்கற கேஸ், வேர் சிகிச்சை கேஸ் எல்லாத்தையும் ஒரு மாசமா நான்தான் வியாழக்கிழமைக்கு மாத்திட்டு இருக்கேன், அந்த டாக்டர் வர்றப்ப. போன்லயே பேசி மாத்திடுவேன். உங்ககிட்ட வந்தது பாதிதான்."

"யாரைக் கேட்டு மாத்தின?"

"யாரையும் கேக்கல மேடம்." அவள் அழுதுவிட்டாள். "உங்களைக் கேட்டா நீங்க காபி டம்ளரைப் பத்திப் பேசுவீங்க."

மீதி நோயாளிகளைத் திருப்பி அனுப்பச் சொன்னேன். கிளினிக்கைப் பூட்டிவிட்டோம்.

ஜூன் 26, வியாழன்

என் கூடப்பிறந்த அண்ணனுக்கு முதலில் இடது கட்டைவிரல்தான் ஆடியது. அப்போது அவருக்கு ஐம்பது வயது. பொள்ளாச்சியில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருந்தார். சில்லறை எண்ணும்போது காசு கீழே விழும். நரம்பு டாக்டர் பார்க்கின்சன் நோய் என்றார். அது ஆறு வருஷத்துக்கு முன்னால். இப்போது கடையை அண்ணிதான் பார்த்துக்கொள்கிறார்.

எனக்கு நாற்பத்தெட்டு.

மூர்த்தியிடம் இன்று சொன்னேன். வேலை பார்க்கும் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சித்திரை மாதத்திலிருந்தே தெரியும் என்றார். கோலம் போடும்போது என் கை நடுங்கியதைப் பார்த்தாராம். "நீயா சொல்லுவேன்னு பாத்துட்டு இருந்தேன். நான் கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு எனக்கும் பயமா இருந்துச்சு."

இரண்டு பேரும் படித்தவர்கள். இரண்டு மாதம் ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

ஜூன் 27, வெள்ளி

ஹபீபாவிடம் போனோம். கல்லூரி விடுதியில் என் பக்கத்து அறைக்காரி, இப்போது பெரிய பொதுமருத்துவர். என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"ஏண்டி தமா, பாதியா இளைச்சுட்டியே!"

நான் எந்த நரம்பு டாக்டரிடம் போகலாம் என்று கேட்கத்தான் போயிருந்தேன். அண்ணனைப் பற்றிச் சொன்னேன், அவர் கட்டைவிரலைப் பற்றிச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். கையை மடியில் போட்டு உட்காரச் சொன்னாள். மடியில் கிடந்தபோது கை சும்மா இருந்தது. நீட்டச் சொன்னதும் விரல்நுனி எல்லாம் பொடிப்பொடியாக நடுங்கியது. பின்னால் வந்து நின்று கழுத்தைத் தடவினாள்.

"எச்சில் முழுங்கு. இன்னொரு தடவ. வீட்ல உனக்கு மட்டும் வேர்க்குதா?"

"ஃபேனுக்குத் தினமும் சண்டை" என்றார் மூர்த்தி.

"பசி?"

"ஏழு தோசை" என்றார்.

"இளைக்குது, பசிக்குது, வேர்க்குது, நெஞ்சு அடிக்குது, எரிச்சல் வருது, கை நடுங்குது. இதையெல்லாம் எந்த வருஷம்டி படிச்சோம்? என் புத்தகத்தை வாங்கித்தானே நீ பரீட்சைக்குப் படிச்ச?"

ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். அவள் நினைப்பது என்ன என்று எனக்கும் தெரியும். ரிசல்ட் வருவதற்கு முன்னால் அந்த வார்த்தையை எழுத மாட்டேன்.

ஜூன் 30, திங்கள்

தைராய்டு.

தைராய்டு, தைராய்டு, தைராய்டு. கழுத்தில் இருக்கும் அந்தச் சுரப்பி அளவுக்குமேல் வேலை செய்கிறது. மாத்திரை உண்டு. சரியாகும். கை நடுக்கமும் அதனால்தான். வேறு எதுவும் இல்லை. ஹபீபா நரம்பு டாக்டரிடமும் ஒரு தடவை காட்டச் சொல்லி, பக்கத்து அறைக்கே கூட்டிப் போனாள். அவரும் நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், எழுதச் சொன்னார். பார்க்கின்சன் அடையாளம் ஒன்றும் இல்லையம்மா என்று சொல்லிவிட்டார்.

கார் நிறுத்தத்தில் மூர்த்தி சாவியை இரண்டு தடவை கீழே போட்டார். "இப்ப யாருக்குக் கை நடுங்குது?" என்றேன். இரண்டு பேரும் கார் கூரையில் சாய்ந்துகொண்டு சிரித்தோம். காவலாளி வந்து வண்டியை எடுங்க என்று சொல்லும்வரை சிரித்தோம்.

ரோஸ்லினுக்குப் போன் செய்தேன். "அல்லேலூயா மேடம்" என்று கத்தினாள்.

ஜூலை 3, வியாழன்

மாத்திரை இரண்டு வகை. ஒன்று சுரப்பியை அடக்குவது, அது வேலை செய்ய ஒரு மாதத்துக்குமேல் ஆகும். இன்னொன்று படபடப்பையும் நடுக்கத்தையும் சில நாட்களிலேயே குறைப்பது. அதன் பெயரைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது. இதயத் துடிப்பை அடக்கி, கையை நிதானப்படுத்தும் அந்த வகை மாத்திரை, குறி சுடும் போட்டிகளில் தடைசெய்யப்பட்டது. கிளப் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்.

ஹபீபாவிடம் கேட்டேன். "அது இல்லாமலும் இருக்கலாம். முதல் மாத்திரை வேலை செய்யற வரைக்கும் நடுங்கிட்டு இருக்கணும், அவ்வளவுதான்" என்றாள்.

நடுங்கிக்கொண்டிருந்தால் ஆகஸ்ட் போட்டிக்குப் போகலாம். எருமை இருக்கிறது, கையை எடுத்தால் நிற்கிறது. விசையை மட்டும் தொட்டால் போதும். ஆனால் அதுவரை கிளினிக் பூட்டிக் கிடக்க வேண்டும். படபடப்போடு ராத்திரியெல்லாம் விழித்துக் கிடக்க வேண்டும்.

மூர்த்தி தண்ணீர் டம்ளரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

போட்டியிலிருந்து விலகுவதாகக் கிளப்பில் சொல்லிவிட்டேன். வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். மழையில் நனைந்த துணியை மாற்றிக்கொண்ட மாதிரிதான் இருந்தது.

சிகாமணி அண்ணனிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அன்னிக்கு வீட்டுக்குப் போய் உங்க கையப் பத்தி என் சம்சாரத்துகிட்டச் சொன்னனுங்க. நேரடியாக் கேட்டிருக்கோணும்னு அவ என்னையத் திட்டுனா" என்றார்.

"கேட்டிருந்தா நான் உங்களைத் திட்டியிருப்பனுங்க அண்ணா."

"அதும் சரிதானுங்."

எருமையை எனக்கே கொடுத்துவிடச் சொன்னேன். "போட்டியே இல்லீன்னு ஆயிப்போச்சு, இப்ப எதுக்குங்க?" என்றார். விளக்கினேன். கைப்பிடி ரெஸ்டில் குறி வைக்கும் வரை கை அதிலேயே இருக்க வேண்டும். கையில் இருப்பது அப்படியே துப்பாக்கிக்கும் போகும். எருமையில் திருகாணியைத் திருகி, குறியை வைத்து, விட்டுவிடலாம். வைத்த இடத்தில் அது நிற்கும். ஆள் எப்படி இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

அவருக்கு வாயெல்லாம் பல். மேல்வரிசையில் இரண்டு சுத்தம் செய்ய வேண்டும், கிளினிக் திறந்ததும் வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 12, சனி

பொள்ளாச்சி போய் வந்தோம். தை மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் போகிறேன். போன் வந்தாலும் எடுப்பதில்லை. எடுத்தாலும் வேலை இருக்கிறது என்பேன். வேலை இல்லை. அண்ணன் கையைப் பார்க்கும்போதெல்லாம் என் கையைப் பார்ப்பதாகத் தோன்றியது. அதுதான்.

அண்ணன் வாசலுக்கு வந்துவிட்டார். கால் கொஞ்சம் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார். முன்பைவிட மெலிந்த குரல்.

"வா அம்மிணி. என்ன, வழி மறந்துபோச்சா?"

எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கவில்லை. உங்களுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்று பயந்தேன், அதனால்தான் வரவில்லை என்றேன். அண்ணி உள்ளே எழுந்து போய்விட்டார். அண்ணன் என் கையைப் பார்த்தார்.

"உனக்கு இல்லீல்ல?"

"இல்லீங்ணா."

"அப்பாடா" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். "நான் மாரியம்மனுக்கு வேண்டிட்டு இருந்தேன், கண்ணு. நீ வராதப்பவே எனக்குச் சந்தேகம். எனக்கு வந்தது எங்கூடவே போகட்டும், அவளுக்கு வேண்டாம்னு."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அண்ணி காபி கொண்டுவந்தார். அரை டம்ளர்தான் ஊற்றியிருந்தார், அண்ணனுக்கும் எனக்கும்.

ஜூலை 28, திங்கள்

கிளினிக் திறந்தாயிற்று. ஹபீபா சரி என்று சொன்ன பிறகுதான். முதல் நோயாளி சிகாமணி அண்ணன். ரோஸ்லின் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு நிம்மதியாக வெளியே போய் யாருடனோ போனில் சிரித்துப் பேசினாள். அந்த உதடு கீறிய பெண்ணையும் கூப்பிட்டு, மீதி வேலையைக் காசு வாங்காமல் முடித்துக் கொடுத்தேன். நடந்ததையும் சொன்னேன். "நான்தான் அசைஞ்சேன்னு நிஜமாவே நினைச்சுட்டேன் மேடம்" என்றாள்.

ஒரு கிலோ ஏறியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

போட்டி நாள். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. சிகாமணி அண்ணனுக்கு இரண்டாவது இடம். கைப்பிடி ரெஸ்ட் வைத்துச் சுட்டவருக்குத்தான் முதலிடம் என்பதால் இன்னொரு மாதத்துக்கு அவரிடம் ரெஸ்ட் பேச்சு எடுக்க முடியாது.

பார்வையாளர் வரிசையில் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். கூட்டம் கலைந்ததும் செயலாளரிடம் அனுமதி வாங்கி, அண்ணனை மேசைக்குக் கூட்டிப் போனேன்.

"எனக்கு எதுக்கு அம்மிணி? துப்பாக்கி எங்கியாவது பாத்துச் சுட்டுரும்."

"சுடாதுங்ணா. நீங்க அதைப் பிடிக்கவே வேண்டாம்."

எருமை மேசைமேல் கிடந்தது. துப்பாக்கியை வைத்துத் திருகாணியால் குறி வைத்தேன். சிகாமணி அண்ணன் குண்டு போட்டார், ஒரு பக்கம் அவர் நின்றார், மறுபக்கம் நான். என் அண்ணன் ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். இடது கை மடியில் ஆடிக்கொண்டே இருந்தது. அது அங்கேயே இருக்கட்டும் என்றேன். வலதுகை ஆள்காட்டி விரலை மட்டும் மெல்லக் கொண்டுவந்தார். வழியெல்லாம் நடுங்கிக்கொண்டுதான் வந்தது. விசையைத் தொட்டதும் டப் என்றது.

"பட்டுதா?"

"பட்டுதுங்ணா."

"பொய் சொல்லாதே."

"ஸ்கோப்லயே பாருங்க."

பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை எடுக்காமலேயே, "இன்னொண்ணு போடுங்க" என்றார்.

ஐந்து சுட்டார். விரல் விசையில் இடித்து ஒன்று வட்டத்துக்கு வெளியே போனது. நாலு உள்ளே. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். அட்டை படபடவென்று அடித்தது. சுற்றி நின்றவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள். அண்ணன் அதைக் காதுப் பக்கம் கொண்டுபோய், கேட்பது மாதிரி தலையைச் சாய்த்தார்.

"பாத்தயா அம்மிணி, கைதட்டுது" என்றார்.

முதலில் சிரித்தது அண்ணிதான்.